கைமணம் தெரிகிற விளையாட்டுகள்

(கேள்வி கேட்பவரின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போடுவது இந்த வீடியோ கேம் கேள்வி-பதில் பக்கத்தின் வழக்கம். முன்பொரு முறை ஒருவருடைய பெயரைப் போட்டதில், அலுவலக நேரத்தில் அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பது மேலாளருக்குத் தெரிந்துவிட்டது. வாங்கிய திட்டு அவருக்கு, பழி எனக்கு.)

ராஜபாளையம்: சார், ஊரெல்லாம் விளம்பரம் செய்து விற்கிற பெரிய வீடியோ கேம்கள்தான் எனக்குத் தெரியும். அதிகம் பேர் பேசாத, ஆனால் உங்களுக்கு மிகவும் பிடித்த தயாரிப்பாளர் ஒருவரைச் சொல்லுங்கள். பட்டியல் வேண்டாம். ஒரே ஒருவர்.

பட்டியல் வேண்டாம் என்றீர்களே, அதற்காகவே உங்களுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம். ஜெஃப் வோகல்.

அமெரிக்காவில் சியாட்டில்காரர். கணிதத்தில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தவர், அதைப் பாதியில் விட்டுவிட்டு 1994இல் ‘ஸ்பைடர்வெப் சாஃப்ட்வேர்’ என்று பெயர் வைத்துக்கொண்டு விளையாட்டு எழுத உட்கார்ந்தார். நிறுவனம் என்றால் அவர், அவருடைய மனைவி, தேவைப்படும்போது படம் வரைந்து தருகிற சிலர். அவ்வளவுதான். 1995இல் வந்த ‘எக்ஸைல்’ முதல் விளையாட்டு. ஒரு பேரரசு, தன்னோடு ஒத்துப்போகாதவர்களையெல்லாம் பிடித்துப் பூமிக்கு அடியில் இருக்கிற குகைகளுக்குள் தள்ளிவிடுகிறது. மேலே வர வழியில்லை. தள்ளப்பட்டவர்கள் அங்கேயே ஊர் கட்டி, காளான் பயிரிட்டு, பெரிய பெரிய பல்லிகளை அடித்துச் சாப்பிட்டுக் குடித்தனம் நடத்துகிறார்கள். சூரியனே இல்லாத ஊரில் என்ன சாப்பிடுவார்கள் என்று முதலில் யோசித்துவிட்டுக் கதை எழுதத் தொடங்கிய மனிதர் என்பதால் அப்போதே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

எனக்கு அவர் அறிமுகமானது 2003இல். மன்னார்குடியில் நான் பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். மணிக்கு 20 ரூபாய். ஒரு கணினிப் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் ‘ஜீன்ஃபோர்ஜ்’ என்கிற விளையாட்டின் டெமோ இருந்தது. படத்தைப் பார்த்தால் யாரும் தொடமாட்டார்கள். மழை பெய்து கரண்ட் வந்து வந்து போன ஒரு நாள், கடையில் ஆள் இல்லாத நேரத்தில் திறந்தேன்.

உயிர்களைக் களிமண் போலப் பிசைந்து உருவாக்கத் தெரிந்த ஒரு கூட்டம். நீங்கள் அந்தக் கூட்டத்தில் தொழில் பழகுகிற பிள்ளை. கடலில் தாக்கப்பட்டு, யாரும் கால் வைக்கக் கூடாது என்று தடை போட்ட தீவில் ஒதுங்குகிறீர்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு உங்கள் ஆட்கள் அந்தத் தீவைக் கைவிட்டுப் போயிருக்கிறார்கள். வேலை செய்வதற்கென்றே உருவாக்கிய பணியாட்களை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பெருகி, மூன்று கட்சிகளாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு கட்சி, ‘எசமான் வந்துவிட்டார்’ என்று உங்கள் காலில் விழுகிறது. இன்னொன்று, ‘நீயும் நானும் சமம், உட்கார், பேசலாம்’ என்கிறது. மூன்றாவதற்கு உங்களைக் கண்டாலே ஆகாது. உங்கள் இனத்தையே ஒழிக்க வேண்டும் என்கிறது. யாரோடு சேருவது என்பது உங்கள் பாடு. ஒவ்வொரு கட்சியிடமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதில்தான் சிக்கிக்கொண்டேன். அன்று கரண்ட் நிலைத்து வந்த பிறகும் கடையின் ஷட்டரைத் தூக்கவில்லை.

ஒரு கட்டத்துக்கு மேல் டெமோ விடாது. பணம் கட்டிச் சாவி எண் வாங்கினால்தான் மீதித் தீவு. 25 டாலர், அன்றைய கணக்கில் ஆயிரத்துக்கு மேல். அதைக் கட்டக் கடன் அட்டையும் கிடையாது. ஒன்பது ஆண்டுகள் கழித்துத்தான் மீதித் தீவைப் பார்த்தேன்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். படங்கள் மோசம். 1995இல் மோசம், இன்றும் மோசம். ஒரு விளையாட்டில் பார்த்த மரத்தையும் மேசையையும் அடுத்த நான்கு விளையாட்டுகளில் அப்படியே பார்ப்பீர்கள். தன்னுடைய விளையாட்டுகள் ஏன் இப்படி இருக்கின்றன என்று அவரே வெட்கப்படாமல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். கதையும் அப்படித்தான். ‘எக்ஸைல்’ விளையாட்டையே 2000இல் ‘அவெர்னம்’ என்ற பெயரில் திரும்பச் செய்தார். 2011இல் இன்னொரு முறை செய்தார். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் நமக்கு இது புதிதா என்ன? பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை சாரம் கட்டி, வண்ணம் அடித்து, கும்பாபிஷேகம் செய்து அதே கோயிலைத் திறந்துவைத்தால் நாம் போகாமலா இருக்கிறோம்?

முப்பது ஆண்டுகளாக ஒரே மாதிரியான விளையாட்டை ஒரே மனிதர் எழுதுகிறார். ஒரு வாக்கியம் படித்தாலே அவர் எழுதியது என்று தெரிந்துவிடும், கைமணம் என்று நம் வீடுகளில் சொல்வோமே, அது. நானூறு பேர் சேர்ந்து செய்கிற விளையாட்டில் எல்லாமே அளவாக இருக்கும். ரசத்தில் பூண்டை யார் அதிகம் போட்டார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது.

நாகப்பட்டினம்: துப்பாக்கி, கார், பந்து எதுவும் இல்லாத விளையாட்டு உண்டா? இருந்தால் அதில் என்னதான் செய்வது?

பாஸ்போர்ட் சரிபார்க்கலாம்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. 2013இல் லூகாஸ் போப் என்கிற அமெரிக்கர் ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ என்று ஒன்றைத் தனி ஆளாகச் செய்தார். பெரிய நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு விலகி, மனைவியோடு ஜப்பானில் குடியேறியவர். ஊர் ஊராகப் பயணம் போனபோது குடிநுழைவு அதிகாரிகள் காகிதங்களைப் புரட்டுவதைப் பார்த்துப் பார்த்து வந்த யோசனை இது. அர்ஸ்டோட்ஸ்கா என்று ஒரு கற்பனை நாடு, 1982 நவம்பர். குலுக்கலில் உங்கள் பெயர் விழுந்து எல்லைச் சாவடியில் வேலை கிடைக்கிறது. வரிசையில் வருகிறவரின் காகிதங்களை மேசையில் பரப்பி, தேதி சரியா, படம் சரியா, ஊர் சரியா என்று பார்த்துப் பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்த வேண்டும். ஆளுக்கு இவ்வளவு என்று கூலி. மாலையில் அந்தக் கூலியிலிருந்து வாடகை, சாப்பாடு, குளிருக்கு விறகுச் செலவு. வீட்டில் மனைவி, மகன், மாமியார், மாமா. வேகம் குறைந்தால் யாராவது ஒருவர் பட்டினி.

பிரவுசிங் சென்டர் போய், அதே கடையில் இப்போது நான் ஜெராக்ஸ் எடுக்கிறேன், அரசாங்க விண்ணப்பங்களை ஆன்லைனில் நிரப்பிக் கொடுக்கிறேன். ஆதாரில் ஒரு எழுத்து, ரேஷன் அட்டையில் வேறு எழுத்து என்று நாளுக்கு நான்கு பேராவது வருவார்கள். அதனால் இந்த விளையாட்டு மற்றவர்களைவிட என்னை அதிகமாகப் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

ஒரு காட்சி மட்டும் சொல்கிறேன். ஒருவர் வருகிறார். காகிதங்கள் எல்லாம் சரி. முத்திரை வாங்கிக்கொண்டு போகும்போது, ‘அடுத்து வருவது என் மனைவி, கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள்’ என்கிறார். அந்த அம்மா வருகிறார். நுழைவு அனுமதிச் சீட்டு இல்லை. திருப்பி அனுப்பினால் என்னைக் கொன்றுவிடுவார்கள் என்று கெஞ்சுகிறார். அனுமதித்தால் உங்களுக்கு ஓர் எச்சரிக்கைச் சீட்டு வரும். நாளுக்கு இரண்டு எச்சரிக்கை வரை அபராதம் இல்லை. மூன்றாவதிலிருந்து கூலியில் பிடிப்பார்கள். எனக்கு அன்று ஏற்கெனவே இரண்டு தவறு ஆகியிருந்தது. சிவப்பு முத்திரையைக் குத்தினேன். ஐந்து காசு மிச்சம் பிடித்தேன். மறுநாள் காலை கடையைத் திறந்ததும், பிறந்த தேதி ஒத்துப்போகாத முதியோர் உதவித்தொகை விண்ணப்பத்தோடு ஒரு பாட்டி வந்து நின்றார். அவர் விண்ணப்பத்துக்கு ஒன்றரை மணி நேரம் செலவழித்தேன். வேறு வாடிக்கையாளர்கள் திட்டிவிட்டுப் போனார்கள்.

புதுக்கோட்டை: அதே லூகாஸ் போப் வேறு ஏதாவது செய்திருக்கிறாரா?

(இந்தக் கேள்வியை நானே சேர்த்துக்கொண்டேன் என்று நினைக்காதீர்கள், உண்மையிலேயே வந்தது.) 2018இல் ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’. ஆண்டு 1807. காணாமல் போன கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் ஒன்று, உயிரோடு ஒரு ஆள் இல்லாமல் இங்கிலாந்துக் கரைக்கு வந்து சேர்கிறது. நீங்கள் கம்பெனியின் நஷ்டக் கணக்குப் பார்க்கிற ஆள். கப்பலில் 60 பேர். ஒவ்வொருவரும் யார், எப்படிச் செத்தார், அல்லது தப்பினார் என்று ஒரு பேரேட்டில் எழுத வேண்டும். பிணத்தின் அருகே போய்ச் சட்டைப்பைக் கடிகாரத்தைத் திறந்தால், அந்த ஆள் செத்த கணம் மட்டும் உறைந்த காட்சியாக விரியும். படம் முழுக்க இரண்டே நிறம், பழைய மேக்கின்டாஷ் கணினித் திரை மாதிரி.

மூன்று பேருடைய விவரம் சரியாக இருந்தால்தான் விளையாட்டு ஒப்புக்கொள்ளும். ஆகவே குருட்டு அடி செல்லாது. மாலுமிகள் தூங்குகிற தூளிகளில் எண் தைத்திருக்கிறது என்பதைக் கவனிக்க எனக்கு நான்கு இரவுகள் பிடித்தன. அந்த எண்தான் பெயர்ப் பட்டியலில் இருக்கிற வரிசை எண். கவனித்த பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டேன். பட்டியலில் இந்திய மாலுமிகளும் உண்டு. கம்பெனிக் கதைகளில் பின்னணியில் கயிறு இழுத்துக்கொண்டு நிற்பவர்களை இங்கே முகம் பார்த்து, பெயர் கண்டுபிடித்து எழுதியே ஆக வேண்டும்.

அம்பத்தூர்: பெரிய விளையாட்டுகளை எப்போதும் மட்டம் தட்டுகிறீர்கள். உங்கள் பழைய கணினியில் அவை ஓடாது என்பதுதானே உண்மையான காரணம்?

பாதி உண்மை. மீதிப் பாதி, என் மகனுடைய கணினியில் அவை ஓடுகின்றன. அவன் உறங்கிய பிறகு நானும் ஆடுகிறேன். குதிரை மீது ஏறி மலை உச்சியில் நின்று சூரிய உதயம் பார்ப்பேன். நன்றாகவே இருக்கும். மறுநாள் எதுவும் நினைவில் நிற்பதில்லை.

கோயம்புத்தூர்: அண்ணா, ஒரே விளையாட்டை இருபது ஆண்டுகளாகச் செய்துகொண்டிருக்கிற அண்ணன் தம்பி இருக்கிறார்களாமே? உண்மையா?

உண்மைதான் தம்பி. டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ். அமெரிக்கர்கள். விளையாட்டின் பெயர் ‘ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்’. 2002இல் தொடங்கி, 2006 ஆகஸ்டில் முதல் வடிவத்தை வெளியிட்டார்கள். டார்ன் ஸ்டான்ஃபோர்டில் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். பல்கலைக்கழக வேலையில் சேர்ந்து, அது வேண்டாம் என்று விட்டுவிட்டு இதற்கு வந்தார். (வோகலும் கணிதம், இவரும் கணிதம். கணித ஆசிரியர்கள் யாராவது விளக்கம் எழுதினால் அடுத்த இதழில் போடுகிறேன்.)

குள்ளர்கள் சிலர் மலையைக் குடைந்து ஊர் அமைக்க வேண்டும் என்பதுதான் கதை. ஆனால் அதற்கு முன்பே கணினி உங்களுக்காக ஒரு உலகத்தை உருவாக்கி, மலை, ஆறு, மழை, மன்னர்கள், போர்கள் என்று பல நூறு ஆண்டு வரலாற்றை ஓட்டி முடித்திருக்கும். ஒவ்வொரு குள்ளனுக்கும் தனித்தனியாகப் பல், நகம், கண்ணிமை வரைக்கும் கணக்கு உண்டு. யாருக்கு எந்தச் சாப்பாடு பிடிக்கும், யார் மேல் மனத்தாங்கல் என்பதும் உண்டு. இத்தனையும் இருந்தும் பல ஆண்டுகள் படம் என்று ஒன்று கிடையாது. திரை முழுக்க எழுத்துகளும் குறிகளும். சிரித்த முகம் இருந்தால் குள்ளன், ‘சி’ என்ற ஆங்கில எழுத்து ஓடினால் பூனை.

பூனை என்றதும் சொல்ல வேண்டிய கதை ஒன்று இருக்கிறது. 2015இல் விளையாட்டில் சாராயக் கடைகளைச் சேர்த்தார்கள். உடனே புகார் வந்தது: பூனைகள் காரணமில்லாமல் சாகின்றன, கடை முழுக்க வாந்தி. யாரும் பூனைக்குச் சாராயம் ஊற்றவில்லை. அவை சண்டையும் போடவில்லை. டார்ன் உட்கார்ந்து தேடினார். குடிகாரக் குள்ளர்கள் குவளையைத் தட்டிவிடுகிறார்கள்; சாராயம் தரையில் சிந்துகிறது. பூனை அதன் மேல் நடக்கிறது, காலில் ஒட்டுகிறது. பூனை என்றால் தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் என்று எப்போதோ எழுதி வைத்திருக்கிறார். நக்கினால் ஒட்டியிருப்பது வயிற்றுக்குள் போகும் என்பதும் எழுதியிருக்கிறார். எவ்வளவு போகும் என்பதில்தான் தவறு. ஒரு நக்குக்கு ஒரு முழுக் குவளை என்று கணக்காகியிருந்தது. பூனையின் எடைக்கு ஒரு குவளை என்றால் என்ன ஆகும்? போதை தலைக்கேறி, வாந்தி எடுத்து, செத்துப்போயிற்று.

தவறு ஒரே ஒரு எண்ணில். சாராயம் சிந்துவது, காலில் ஒட்டுவது, நக்குவது, எடைக்கு ஏற்பப் போதை ஏறுவது என்று மற்ற எல்லாமே சரியாக வேலை செய்திருக்கின்றன. இப்படிச் சாவதற்குக்கூட அந்த விளையாட்டில் எத்தனை பேருடைய உழைப்பு வேண்டும் என்று நினைப்பீர்கள். இரண்டு பேர்தான்.

இதை இலவசமாகவே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். விரும்புகிறவர்கள் அனுப்பிய நன்கொடையில் குடும்பம் ஓடியது. 2012இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் சேர்த்த முதல் 14 விளையாட்டுகளில் இதுவும் ஒன்று. பெருமை வந்தது, பணம் வரவில்லை. பிறகு ஸாக்குக்குத் தோல் புற்றுநோய். அந்த நாட்டு மருத்துவச் செலவு நமக்குத் தெரிந்ததே. ‘இனி இப்படியே ஓட்ட முடியாது’ என்று 2019இல் முடிவு செய்து, மான்ட்ரியாலில் இருக்கிற கிட்ஃபாக்ஸ் கேம்ஸ் என்ற சிறு நிறுவனத்தோடு சேர்ந்து, படம் போட்ட பதிப்பை 2022 டிசம்பர் 6 அன்று விலைக்கு விட்டார்கள். அந்த மாதத்திலேயே ஏறத்தாழ ஐந்து லட்சம் பிரதிகள் விற்றன. எழுத்துப் பதிப்பு இன்றும் இலவசம்.

நான் கட்டிய கோட்டை என்ன ஆயிற்று என்கிறீர்களா? ஆற்றங்கரைப் பாறையை ஒரு சதுரம் கூடுதலாக வெட்டிவிட்டேன். காவிரி டெல்டாக்காரன், தண்ணீரில் மூழ்கடித்தேன். தோற்பதும் ஓர் ஆனந்தம் என்பதுதான் அந்த விளையாட்டுக்காரர்களின் தாரக மந்திரம். எனக்கு அந்த ஆனந்தம் பதினொரு முறை கிடைத்திருக்கிறது.

காரைக்குடி: என் பேத்திக்கு ஆறு வயது. செல்போனில் வருகிற விளையாட்டுகளில் விளம்பரமும் சத்தமும் தாங்கவில்லை. அவளோடு சேர்ந்து நானும் விளையாடும்படி ஏதாவது இருக்கிறதா? எனக்கு ஆங்கிலம் படிக்க வராது.

அம்மா, உங்களுக்காகவே செய்தது போல ஒரு குழு செக் நாட்டில் இருக்கிறது. அமனிடா டிசைன். அவர்களுடைய பெரும்பாலான விளையாட்டுகளில் ஆங்கிலமும் இல்லை, செக் மொழியும் இல்லை. ஒருவருக்கொருவர் ஏதோ முணுமுணுப்பார்கள். தலைக்கு மேல் சின்னச் சின்னப் படமாக அதன் பொருள் ஓடும்.

யாகுப் த்வோர்ஸ்கி என்ற மாணவர் பிராகில் கலைக் கல்லூரிப் படிப்பை முடிக்கும்போது செய்த ‘சமோரோஸ்ட்’, 2003இல் வந்தது. ஒரு மரத்தின் வேரைப் பார்த்தால் யானை மாதிரி, கிழவன் மாதிரி தெரியுமே, அப்படிப்பட்ட வேருக்கு செக் மொழியில் இருக்கிற பெயர் அது. 2009இல் ‘மஷினேரியம்’. பழைய இரும்புக் கடையில் விழுந்து கிடக்கிற ஒரு குட்டி ரோபோவின் கதை. அதன் பெயர் யோசெஃப். 1920இல் தன் தம்பி எழுதிய நாடகத்துக்காக ‘ரோபோ’ என்ற சொல்லை எடுத்துக் கொடுத்த செக் ஓவியர் யோசெஃப் சாபெக்கின் நினைவாக வைத்த பெயர். ஒவ்வொரு காட்சியும் கையால் வரைந்தது. கோடு நடுங்கியிருக்கும், அதுவே அழகு.

பேத்திக்கு முதலில் 2012இல் வந்த ‘பொட்டானிகுலா’வைக் கொடுங்கள். ஒரு மரத்தில் வாழும் ஐந்து குட்டி உயிர்கள். இலையைத் தொட்டால் ஒரு சத்தம், பூச்சியைத் தொட்டால் இன்னொரு சத்தம். எதைத் தொட்டாலும் ஏதாவது நடக்கும். கரிய சிலந்திகள் வருகிற இடத்தில் மட்டும் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: இதே குழு 2021இல் ‘ஹேப்பி கேம்’ என்று ஒன்று வெளியிட்டது. மகிழ்ச்சியான விளையாட்டு என்று பெயரை நம்பி வாங்கிவிடாதீர்கள். முழுக்கப் பயங்கரக் கனவுகள். எனக்கே அன்றிரவு தூக்கம் சரியாக வரவில்லை.

திருச்சி: இவற்றையெல்லாம் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டுமா? நண்பர்கள் பென்டிரைவில் தருகிறார்கள்.

என்னிடம் போய்க் கேட்கிறீர்களே. என் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு ஒன்றுகூட இருந்ததில்லை. பர்மா பஜாரிலிருந்து வந்த சிடிகளை உறை போட்டு அடுக்கி வைத்திருந்தேன். உபதேசம் செய்ய எனக்குத் தகுதி கிடையாது.

நடந்ததைச் சொல்கிறேன். ‘மஷினேரியம்’ விளையாடியவர்களில் நூற்றுக்கு 85 முதல் 95 பேர் வரை திருட்டுப் பிரதியில்தான் விளையாடினார்கள் என்று அந்தக் குழுவே கணக்கிட்டது. 2010 ஆகஸ்டில் அவர்கள் ஒரு ‘பொது மன்னிப்பு’ அறிவித்தார்கள். 20 டாலர் விளையாட்டு, சில நாட்களுக்கு 5 டாலர். திருடியவர்கள் இப்போது வாங்கிக்கொள்ளலாம், கேள்வி இல்லை. திட்டவில்லை, வழக்குப் போடவில்லை. அந்த மன்னிப்பு எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் எட்டியது. 2012இல் டெபிட் அட்டையில் டாலர் கட்ட முடியும் என்று தெரிந்த அன்று, முதலில் ‘ஜீன்ஃபோர்ஜ்’, இரண்டாவது ‘மஷினேரியம்’.

சேலம்: ஓய்வாக இருக்கலாம் என்று தொடங்கி, வேலையைவிடக் கஷ்டமாக முடிந்த விளையாட்டு?

ஸாக் பார்த் என்பவர் நடத்திய ஸக்ட்ரானிக்ஸ் குழுவின் ‘டிஸ்-100’. 2015இல் வந்தது. இறந்துபோன மாமா ஒருவர் பழுது பார்த்துக்கொண்டிருந்த விசித்திரமான பழைய கணினி உங்கள் கைக்கு வருகிறது. அதற்கு நிரல் எழுத வேண்டும். சொல்லித் தர யாரும் இல்லை. ஒரு கையேடு மட்டும் உண்டு, அதை அச்சடித்து வைத்துக்கொண்டு விளையாட வேண்டும் என்பது ஏற்பாடு. ஜெராக்ஸ் கடைக்காரனிடம் இதைச் சொன்னால் விடுவேனா? நல்ல தாளில் அச்சடித்து, ஸ்பைரல் போட்டு, மேலே பிளாஸ்டிக் அட்டை வைத்தேன். கையேடு இன்றும் புத்தம் புதிதாக இருக்கிறது. விளையாட்டில் பாதி தாண்டவில்லை.

இவர் 2009இல் செய்த ‘இன்ஃபினிமைனர்’ என்ற சிறு விளையாட்டைப் பார்த்துத்தான், உலகமெங்கும் கோடிக்கணக்கில் விற்ற ‘மைன்கிராஃப்ட்’ உருவானது. குடும்பத்தோடு தீவு வாங்கியிருக்க வேண்டியவர், தொடர்ந்து புதிர் செய்துகொண்டிருந்தார்.

ஸ்கார்பரோ, கனடா: தமிழர்கள் யாரும் இப்படிச் செய்வதில்லையா?

உங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்களே. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’. 1988இல் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன வெண்பா, பாவலன் தம்பதி. அங்கே பிறக்கிற மகன் கவின். அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேடு கிழிந்து, கறைபட்டுக் கிடக்கிறது. அழிந்துபோன வரிகளை யோசித்து நிரப்பிச் சமைக்க வேண்டும். முதல் சமையல் இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லா இட்லிக்கும் போகும் என்பது புதிர். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, ‘இதற்கு இத்தனை நேரமா?’ என்று கேட்டுவிட்டு, எதைத் திருப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் விளையாடிய ஒரே விளையாட்டு அதுதான், அதுவும் பத்து விநாடி.

எனக்கு ஒரே மனக்குறை, அது சின்னது. இட்லிக்கு அரிசி ஊறுவதற்குள் கதை முடிந்துவிடுகிறது. தமிழ் சரியாகப் படிக்க வராத கவின், வளர்ந்த பிறகு அம்மாவின் குறிப்பேட்டைத் தட்டுத் தடுமாறிப் படித்துச் சமைக்கிற இடம் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம். 2024இல், சினிமாவுக்கும் விளையாட்டுக்கும் விருது தருகிற பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு, சிறந்த அறிமுக விளையாட்டு என்று இதற்கு விருது கொடுத்தது.

நம் நாட்டுக்குள்ளும் தேடுங்கள். குஜராத்தில் சாலா என்ற ஊரிலிருந்து ஸ்டூடியோ ஓலியோமிங்கஸ் என்று ஒரு சின்னக் குழு இயங்குகிறது. வாழவே இல்லாத ஒரு குஜராத்தி எழுத்தாளரைக் கற்பனை செய்து, அவர் எழுதிவைத்த கதைகள் என்று சொல்லி, அவற்றுக்குள் நம்மை நடக்க விடுகிறார்கள். பலவற்றை இலவசமாகவே தருகிறார்கள். எனக்கு முழுக்கப் புரிந்தது என்று சொன்னால் பொய். அரண்மனை அறைகளின் நிறங்கள் மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை.

தேனி: புரியவே இல்லை, இருந்தாலும் பிடிக்கும் என்று யாராவது?

ஜெஃப் மின்டர். பிரிட்டன்காரர். 1982 முதல் லாமாசாஃப்ட் என்ற பெயரில் செய்கிறார். வேல்ஸ் நாட்டுப்புறத்தில் ஆடுகளோடு வாழ்கிறார். 1983இல் அவர் செய்த விளையாட்டில் எதிரிகள் ராட்சத ஒட்டகங்கள். 2007இல் செய்ததில் நீங்களே ஒட்டகச்சிவிங்கி. திரை முழுக்க ஒளி வெள்ளம். யார் சுடுகிறார்கள், யார் சாகிறார்கள் என்பது எனக்குக் கடைசி வரை தெரியவில்லை. நாற்பது ஆண்டுகளாக ஒருவர் தன் ஆட்டுமந்தையைக் கணினிக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஓட்டட்டும்.

கரூர்: இப்போது என்ன விளையாடிக்கொண்டிருக்கிறீர்கள்?

வேறென்ன, ‘ஜீன்ஃபோர்ஜ்’தான். வோகல் அதையும் சாரம் கட்டி 2021இல் திரும்பத் திறந்துவிட்டார். 2003இல் காலில் விழுகிற கட்சியோடு சேர்ந்தேன். வயது அப்படி, மரியாதை கிடைத்தால் பிடித்திருந்தது. 2012இல் ‘நீயும் நானும் சமம்’ கட்சி. இந்த முறை, எங்களை ஒழிக்க வேண்டும் என்கிறவர்கள் பக்கம் போய் நிற்கிறேன். அவர்கள் இன்னும் என்னை நம்பவில்லை.

போன வாரம் கடையில் ஜெராக்ஸ் எடுக்க வந்த கல்லூரிப் பையன் ஒருவன், கல்லா மேசை மேலிருந்த திரையை எட்டிப் பார்த்தான்.

‘என்ன சார், நீங்கள் சின்ன வயதில் விளையாடியதா?’

‘2021இல் வந்தது தம்பி’ என்றேன்.

திரையை இன்னொரு முறை பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான்கு பிரதிக்கு எட்டு ரூபாயை வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான்.